தருமபுரியில் பால்வினை நோய் ஏற்றத்தாழ்வை ஆண்டுவாரியாக அளப்பது எப்படி: ஆய்வேடு எழுதப்போகிறவர்களுக்கு

ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். பதினான்கு மாதம் இழுத்தது. அதில் கணக்குப் போட்டது மூன்றே வாரம். மீதியெல்லாம் அனுமதிக் கடிதத்துக்கும், பதிவேடு தேடுவதற்கும், சாதிக் கட்டம் காலியாக இருந்த பக்கங்களோடு மல்லுக்கட்டுவதற்கும் போனது. பொதுச் சுகாதாரம், சமூக மருத்துவம், செவிலியம் என்று எதைப் படித்தாலும் சரி, தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இதே வேலையில் இறங்கப்போகிறீர்கள் என்றால், நான் விழுந்த குழிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

நான் முதலில் எழுதிய தலைப்பு: "மாவட்டத்தில் பால்வினை நோய்களின் சமூகவாரி ஏற்றத்தாழ்வு." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதை வைத்து ஒன்றையும் எண்ண முடியாது. எந்த நோய், எந்தக் குழுக்கள், யாரிடம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற நான்கும் அந்த ஒரு வரியில் வந்துவிட வேண்டும். கடைசியில் என் கேள்வி இப்படி ஆனது: அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குப் பரிசோதனை செய்துகொண்ட கர்ப்பிணிகளில், பாசிட்டிவ் வந்தவர்களின் விகிதம் எஸ்.சி., எஸ்.டி., மற்றவர்கள் என்ற மூன்று குழுக்களிடையே எட்டு ஆண்டுகளில் எப்படி மாறியது?

படிக்கக் கிடைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே இனவாரியாகக் கணக்கு வைக்கிறார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 கணக்கில் கறுப்பினத்தவர் மக்கள்தொகையில் 12.6 சதவீதம், கிளமிடியா, கொனோரியா, ஆரம்பநிலை சிபிலிஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த நோயாளிகளில் ஏறத்தாழ 31 சதவீதம். தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் பிறவி சிபிலிஸ் விகிதம் அதிகம் இருந்தது அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளிடம். இதற்குக் காரணம் அந்த மக்களின் நடத்தை என்று அந்த மையமே சொல்வதில்லை. மருத்துவம் எட்டாமை, வறுமை, ஒரு வட்டாரத்தில் நோய் ஏற்கெனவே அதிகமாகப் பரவியிருப்பது ஆகியவற்றைத்தான் காரணமாகச் சொல்கிறது. அளக்கும் முறையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். முன்னுரையில் மட்டும் சாதியையே நோய்க்குக் காரணம் என்று தொனிக்கும்படி எழுதிவிடாதீர்கள். என் முதல் வரைவில் அப்படி ஒரு வாக்கியம் இருந்தது. வழிகாட்டி அதன் மேல் சிவப்பு மையால் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

2. குழுக்களை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

காலப்போக்கில் அளக்கும்போது நோய் மட்டும் மாறுவதில்லை, பெட்டிகளின் பெயரும் மாறுகிறது. அமெரிக்காவில் இன வகைப்பாட்டு விதி 1977இல் வந்தது. 1997இல் திருத்தி, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்றார்கள். 2024 மார்ச்சில் மறுபடியும் திருத்தினார்கள். அதனால் அங்கே நீண்ட கால வரைபடம் போடுபவர்கள் எந்த ஆண்டில் எந்த விதி என்று அடிக்குறிப்பு போட்டே ஆக வேண்டியிருக்கிறது.

நமக்கும் இதே கதைதான். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் முன்பு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு பழங்குடிப் பட்டியலில் வந்தார்கள். அதே பெண், அதே ஊர், ஆனால் பதிவேட்டில் வேறு கட்டம். ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவராக மாறியிருந்தால் சான்றிதழில் பி.சி. என்று இருக்கும், வாயால் கேட்டால் ஆதிதிராவிடர் என்றுதான் சொல்வார். சான்றிதழா, அவர் சொல்வதா என்று ஆரம்பத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள். பதிவேடுகளில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் வாயால் சொன்னதுதான்.

இன்னொன்று, சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருவது. சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் இருக்கும் பழங்குடியினரின் பெயர் "மலையாளி." வெளியூரிலிருந்து புதிதாக வந்த தரவுப் பதிவாளர் ஒருவர் அதைக் கேரளக்காரர்கள் என்று எடுத்துக்கொண்டு, வரிசையாக "மற்றவர்" கட்டத்தில் போட்டிருந்தார். ஊர்ப் பெயரை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எஸ்.டி. எண்ணிக்கை திடீரென்று குறைந்த மாதம் கண்ணில் பட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

பி.சி., எம்.பி.சி. என்று தனித்தனியாகப் பிரிக்க ஆசை வரும். வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எஸ்.சி., எஸ்.டி. ஆகியோரை மட்டுமே தனியாக எண்ணியது. தாய்சேய் நலப் பதிவேட்டிலும் எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்றுதான் இருக்கிறது. மேலே இருக்கும் எண்ணை, அதாவது பாசிட்டிவ் ஆனவர்களைப் பிரித்துவிடலாம், கீழே வகுக்க அந்தக் குழுவின் மொத்த எண் கிடைக்காது.

3. எந்தத் தரவு? சிகிச்சை மையப் பதிவேட்டில் ஆரம்பிக்காதீர்கள்

நான் வீணாக்கிய முதல் மூன்று மாதம் இங்கேதான். பால்வினை நோய்க்கென்றே அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் இருக்கிறதே, அங்கே போய் எண்ணிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று தடைகள்.

முதலாவது, அங்கே பெரும்பாலும் அறிகுறியை வைத்துத்தான் சிகிச்சை. வெள்ளைப்படுதலுக்குப் பச்சைப் பை, ஆணுறுப்பில் சீழ் வந்தால் சாம்பல் பை, புண்ணுக்கு வெள்ளைப் பை என்று நிறம் பிரித்த மருந்துப் பைகள். மாத அறிக்கையில் வருவது இந்த அறிகுறிகளின் எண்ணிக்கை. வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினைத் தொற்று இல்லை. பெண்களின் எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, சாதி விவரம். நான் பார்த்த பதிவேட்டில் பாதிக்கு மேல் காலி. ஏன் என்று அங்கிருந்த ஆலோசகர் அக்காவிடம் கேட்டேன். "இந்த வியாதிக்கு வந்து உக்காந்திருக்கிறவங்ககிட்ட என்ன சாதின்னு கேட்டா, அடுத்த தடவை வருவாங்களா தம்பி?" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாவதுதான் பெரிய தடை. கையில் காசு இருப்பவர்கள் இந்த நோய்க்கு அரசு மருத்துவமனைக்கு வருவதில்லை. ஓசூர்க்காரர் பெங்களூருக்குப் போவார், தருமபுரிக்காரர் சேலத்துக்குப் போவார். லாரி ஓட்டுநர் தேசிய நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஆக, அரசுப் பதிவேட்டில் ஏழைகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அதை எண்ணினால் உண்மையில் இருப்பதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு தெரியும்.

தேசிய குடும்ப நல ஆய்வு? பாலுறவு, எச்.ஐ.வி. குறித்த கேள்விகளை நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் (2015–16, 2019–21) 15 சதவீத வீடுகளில்தான் கேட்டார்கள். மாநில அளவில் சொல்லலாம், மாவட்டத்துக்கு இறங்க முடியாது. ஒப்பீட்டுக்கு ஒரு பத்தி எழுதப் பயன்படும், அவ்வளவுதான்.

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் சிபிலிஸ் பரிசோதனைதான் கைகொடுக்கும். அறிகுறி இருக்கிறதோ இல்லையோ எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்ய வேண்டிய பரிசோதனை அது. பணக்காரர், ஏழை பாகுபாடு இங்கே முழுதாகப் போய்விடாது, ஆனால் வெகுவாகக் குறையும். ஒவ்வொருவருக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் (தாய்சேய் நலப் பதிவு எண்) உண்டு, சாதிக் கட்டம் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் என்ற இரண்டு எண்ணும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆண்களைப் பற்றி இது எதுவும் சொல்லாது என்பதை மட்டும் வரம்புகளில் எழுதிவிடுங்கள்.

4. அனுமதிகள்: மூன்று துறை, மூன்று கதவு

புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொதுச் சுகாதாரத் துறையின் கீழ் இருக்கின்றன. மாவட்டத்தில் அதற்கு மாவட்ட சுகாதார அலுவலர். தாலுகா அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் முதல்வர். ஒருவர் கொடுத்த கடிதம் இன்னொருவரிடம் செல்லாது. எச்.ஐ.வி. தொடர்பான எந்தத் தரவைத் தொட்டாலும் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். என் அறிவுரை: ஒரே துறைக்குள் அடங்கும்படி ஆய்வை வடிவமையுங்கள். நான் ஆரம்ப சுகாதார நிலையங்களோடு நிறுத்திக்கொண்டதும் வேலை பாதியாகக் குறைந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். அதற்கான கட்டு: ஆய்வுத் திட்டம், தரவு எடுக்கும் படிவம், வழிகாட்டியின் கடிதம், உங்களுடையதும் வழிகாட்டியுடையதுமான தன்விவரக் குறிப்பு கையொப்பத்தோடு, பெயர் இல்லாத பழைய பதிவேட்டுத் தரவு என்பதால் தனிநபர் ஒப்புதலிலிருந்து விலக்கு கேட்கும் விண்ணப்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் அப்படி விலக்கு கேட்க இடம் கொடுக்கின்றன. அந்தப் பகுதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள். நான் அந்த விண்ணப்பத்தை வைக்க மறந்தேன். குழு அடுத்து கூடும்வரை ஏழு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாதியைப் பற்றிக் குழுவில் கட்டாயம் கேட்பார்கள். "ஊர்ப் பெயர் வெளியிட மாட்டேன், ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கையை அட்டவணையில் காட்ட மாட்டேன்" என்ற இரண்டையும் திட்டத்திலேயே எழுதிவிட்டால் பாதிக் கேள்வி அடங்கிவிடும். மலையில் இருக்கும் ஒரு குக்கிராமத்தின் பெயரைப் போட்டு "2 பேர்" என்று எழுதினால், அந்த இரண்டு பேர் யார் என்று அடுத்த நாளே ஊருக்குத் தெரியும்.

செலவு: மாணவர்களிடம் எங்கள் குழு கட்டணம் வாங்கவில்லை. நகலெடுப்பு, அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. பெட்ரோலுக்கும் பேருந்துக்கும் சுமார் ஒன்பதாயிரம். பென்னாகரத்துக்கு ஒரு தடவை, அரூர் போய் அங்கிருந்து சித்தேரிக்கு ஒரு தடவை என்று திட்டமில்லாமல் அலைந்ததால் ஆன செலவு அது. வட்டாரவாரியாகப் பிரித்துக்கொண்டு போனால் பாதியில் முடியும்.

5. களத்தில்: எந்த நாள், எதை எடுப்பது

செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், அன்றைக்குக் கர்ப்பிணிகள் பரிசோதனை. புதன்கிழமையும் வேண்டாம், தடுப்பூசி நாள். மார்ச் கடைசி வாரமும் மாதத்தின் முதல் சில நாட்களும் அறிக்கை அனுப்பும் நெருக்கடி. வியாழன், வெள்ளியில் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் உட்கார்ந்து பேச ஆள் இருக்கும்.

மருத்துவ அலுவலரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நேராக ஆய்வக நுட்பநரிடம் போங்கள். உங்களுக்கு வேண்டியது அவரிடம்தான் இருக்கிறது. ஆய்வகப் பதிவேட்டில் தேதி, ஆர்.சி.எச். எண், முடிவு; சாதி விவரமோ தாய்சேய் நலப் பதிவேட்டில். இரண்டையும் எண்ணை வைத்துக் கோக்க வேண்டும். கோத்ததும் அந்த எண்ணை அழித்துவிட்டு உங்கள் சொந்த வரிசை எண்ணைப் போடுங்கள்.

எச்.ஐ.வி. முடிவும் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கும். அதைத் தொடாதீர்கள். 2017 எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் அந்த விவரத்தைக் காப்பதைக் கடமையாக்கியிருக்கிறது. நான் முதல் நாள் அவசரத்தில் கைப்பேசியில் பக்கங்களைப் படம் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பெயர், ஊர், எச்.ஐ.வி. கட்டம் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. போதாக்குறைக்குப் படங்கள் தானாகவே இணையச் சேமிப்புக்கும் போயிருந்தன. அன்றிரவே உட்கார்ந்து எல்லா இடத்திலும் அழித்தேன். அதன்பின் தாளில் கையால்தான் எழுதினேன்.

6. தரவைச் சுத்தம் செய்தல்: இங்கேதான் போலி ஏற்றம், போலி இறக்கம்

பரிசோதனை முறை மாறிய தேதியைக் கண்டுபிடியுங்கள். என் வரைபடத்தில் ஒரு ஆண்டில் பாசிட்டிவ் எல்லாக் குழுவிலும் எகிறியது. நோய் பரவிவிட்டது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். ஆய்வக நுட்பநர் அதைப் பார்த்துவிட்டு, "அந்த வருஷம்தான் சார் ஸ்ட்ரிப் வந்துச்சு" என்றார். ஆர்.பி.ஆர். என்ற பழைய ரத்தப் பரிசோதனை முறையில், சிகிச்சை எடுத்துக்கொண்டவருக்கு நாளடைவில் பாசிட்டிவ் மங்கிவிடும், அல்லது போய்விடும். விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் ஸ்ட்ரிப் வேறு வகை. ஒருமுறை நோய் வந்து குணமானவருக்கும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவ் காட்டும். அதனால் பழைய நோயாளிகளும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டார்கள். ஸ்ட்ரிப் எப்போது வந்தது என்பதற்கு யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டாம். இருப்புப் பதிவேட்டில் தேதி இருக்கும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, முன்னும் பின்னும் தனித்தனியாகப் பாருங்கள். பரிசோதனைக் கிட் தீர்ந்துபோன மாதங்களும் அதே பதிவேட்டில் தெரியும். அதனால் பதிவு செய்த கர்ப்பிணிகளால் வகுக்காமல், பரிசோதனை செய்தவர்களால் வகுங்கள்.

காலிக் கட்டங்கள் இன்னொரு பொறி. ஒரு கற்பனைக் கணக்கு: உண்மையில் ஆண்டுதோறும் எஸ்.டி. பெண்கள் 10 பேருக்குப் பாசிட்டிவ். முதல் ஆண்டில் 40 சதவீதம் கட்டங்கள் காலி, பதிவில் தெரிவது 6 பேர். ஐந்து ஆண்டு கழித்துப் பதிவு ஒழுங்காகி, காலி 10 சதவீதமாகக் குறைகிறது, தெரிவது 9 பேர். நோய் அப்படியே இருக்க, தாளில் 50 சதவீதம் உயர்வு. ஆண்டுவாரியாகக் காலிக் கட்டங்களின் சதவீதத்தை ஒரு தனி அட்டவணையாகப் போடுங்கள். பாசிட்டிவ் ஆனவர்களில் காலியை நீக்கினால், பரிசோதனை செய்தவர்களிலும் நீக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நீக்கி மாட்டிக்கொண்டவர்கள் என் வகுப்பிலேயே இருவர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு அறிக்கை ஏப்ரல் முதல் மார்ச் வரை; ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கோடு கலக்காதீர்கள். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய "தருமபுரி" எண்ணில் இரண்டு மாவட்டமும் சேர்ந்திருக்கும். 2020–21இல் எண்ணிக்கை குறைந்தால் அது ஊரடங்கின் வேலையாக இருக்கலாம். அந்த ஆண்டைச் சேர்த்தும் விட்டும் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

7. கணக்கு: மடங்கும் வேண்டும், வித்தியாசமும் வேண்டும்

ஏற்றத்தாழ்வு கூடியதா குறைந்ததா என்பது எந்த அளவுகோலைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மறுபடி ஒரு கற்பனை எண்: பத்தாயிரம் கர்ப்பிணிகளில், முதல் ஆண்டு 'அ' குழுவில் 40 பேர், 'ஆ' குழுவில் 10 பேர். கடைசி ஆண்டு 20 பேர், 4 பேர். மடங்கு பார்த்தால் 4 இலிருந்து 5 ஆனது: ஏற்றத்தாழ்வு கூடிவிட்டது. வித்தியாசம் பார்த்தால் 30 இலிருந்து 16 ஆனது: ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது. இரண்டும் உண்மை. வாய்மொழித் தேர்வில் ஒன்றை மட்டும் காட்டினால், மற்றதைத் தேர்வாளர் கேட்பார். எந்தக் குழுவோடு ஒப்பிடுகிறீர்களோ அதை எட்டு ஆண்டும் மாற்றாதீர்கள்; ஆண்டுக்கு ஆண்டு எது குறைவோ அதோடு ஒப்பிடுவது வேறு கதை சொல்லும்.

சிறிய எண்களிடம் கவனம். 2011 கணக்குப்படி தருமபுரி மாவட்டத்தில் எஸ்.டி. மக்கள் சுமார் 63,000 பேர், அதாவது 4.2 சதவீதம். கிருஷ்ணகிரியில் 1.2 சதவீதம்தான். பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14, 15 என்று வைத்தால், தருமபுரியில் ஆண்டுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் எஸ்.டி. கர்ப்பிணிகள். இதில் ஒரு ஆண்டு 2 பாசிட்டிவ், அடுத்த ஆண்டு 5 என்று வந்தால் "இரண்டரை மடங்கு" என்று துள்ளாதீர்கள். 2 என்ற எண்ணுக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு) 0.2 முதல் 7.2 வரை, 5க்கு 1.6 முதல் 11.7 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. மூன்று மூன்று ஆண்டாகச் சேர்த்துக் காட்டுங்கள். கிருஷ்ணகிரி ஆட்கள் எஸ்.டி.யைத் தனியாகக் காட்டுவதற்கு முன் வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள். தளி, அஞ்செட்டிப் பக்கம் வேலை செய்த என் நண்பர் கடைசியில் எட்டு ஆண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

வயதையும் பாருங்கள். ஒரு குழுவில் இளவயதுத் தாய்மார் அதிகம் என்றால், வித்தியாசத்தில் ஒரு பகுதி வயதால் வருவது. ஐந்தாண்டு வயதுப் பிரிவாகப் பிரித்துச் சரிசெய்ய முடிந்தால் நல்லது. மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். வளைவு எந்த ஆண்டில் திரும்புகிறது என்று பார்க்க அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜாயின்பாயிண்ட்டும் இலவசம்தான். எட்டுப் புள்ளிக்கு அது கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. எண்ணிக்கைகளுக்கான பாய்சான் என்ற புள்ளியியல் மாதிரியில் ஆண்டையும் குழுவையும் பெருக்கிப் போட்ட ஒரு வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

8. கால அட்டவணை, அப்புறம் திருப்பிக் கொடுக்க வேண்டியது

மறுபடி செய்வதாக இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: திட்டம் எழுத ஒரு மாதம், நெறிமுறைக் குழுவுக்கு இரண்டரை மாதம், மாவட்ட அனுமதிக்கு ஒரு மாதம், களத்துக்கு மூன்று மாதம், சுத்தம் செய்ய ஒன்றரை மாதம், கணக்குக்கும் எழுதுவதற்கும் இரண்டு மாதம். அனுமதிக் கடிதத்தின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். பத்து நகல், ஒவ்வொன்றிலும் முத்திரை.

தரவு கொடுத்த ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பக்கத் தாள் அனுப்புங்கள்: அவர்களுடைய நிலையத்தில் எத்தனை சதவீதம் சாதிக் கட்டம் காலி, எந்த மாதங்களில் கிட் இல்லை, பாசிட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சையான பென்சிலின் போட்டதற்குப் பதிவு இருக்கிறது. நான் பதினொரு நிலையங்களுக்கு அனுப்பினேன். மூன்று இடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அதில் ஒரு செவிலியர், கடைசிக் கட்டத்தில் இருந்த பென்சிலின் எண்ணைப் பற்றிக் கேட்டார். பதிவு இல்லாதவர்களின் ஆர்.சி.எச். எண்கள் வேண்டும் என்றார். நான் அழித்துவிட்டிருந்தேன். வரிசை எண்ணும் மாதமும் மட்டும் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டித் தானே கண்டுபிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.